டர்போ போச்சு என்றார்கள்

வண்டி வாங்கிய மூன்றாம் நாளே திம்பம் மலை ஏற வேண்டி வந்தது. சாம்ராஜ்நகரில் ஒரு துக்க வீடு. போகாமல் இருக்க முடியாது. பண்ணாரியில் நிறுத்தி அம்மனைக் கும்பிட்டு, எனக்குப் புதுசும் ஊருக்கு ஒன்பது வருடப் பழசுமான அந்த வண்டியின் நெற்றியில் திருநீறு பூசிவிட்டுக் கிளம்பினேன். 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஆறாவதோ ஏழாவதோ நினைவில்லை. இரண்டாம் கியரில் ஆக்சிலரேட்டரைத் தரையோடு மிதித்தும் வண்டி நகர மாட்டேன் என்றது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் வந்த காய்கறி லாரியே தெரியவில்லை, அவ்வளவு கரும்புகை. லாரிக்காரர் ஹாரன் அடிக்கவில்லை. பரிதாபப்பட்டிருப்பார்.

முதல் கியரிலேயே ஊர்ந்து போய்த் திரும்பினேன். சத்தியமங்கலத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். பானட்டைத் திறந்து, இரண்டு தடவை ரேஸ் பண்ணி, புகையைப் பார்த்துவிட்டு, முழுசாக ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, சொல்லிவிட்டார்கள்: "டர்போ போச்சுங்க. புதுசு போட்டா 35,000 ஆகும். பழசு பாத்துப் போட்டா பாதிக்கு முடிச்சுடலாம்."

வண்டிக்கே 3,40,000 கொடுத்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது.

டர்போ போகவில்லை. இன்றைக்கும் அதே டர்போதான் ஓடுகிறது. ஆனால் அதைத் தெரிந்துகொள்ள ஒரு மாதமும் கொஞ்சம் காசும் ஆயிற்று. பழைய டர்போ வண்டி வாங்கப் போகிறவர்கள் அடிக்கடி போனில் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிப்பதால் இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் ஒன்று. நம்மில் பலருக்குத் தாங்கள் வைத்திருப்பது டர்போ வண்டி என்பதே தெரியாது. "டர்போவா? நம்மளுது சாதா டீசல்தானுங்க" என்பார்கள். கடந்த இருபது வருடத்தில் இங்கே விற்ற டீசல் கார் அனேகமாக எல்லாவற்றிலும் டர்போ உண்டு. என் வண்டியில் இருப்பது 1,248 சிசி ஃபியட் மல்டிஜெட் இன்ஜின். 2003-ல் ஐரோப்பாவில் வந்து, பிறகு இந்தியாவில் மாருதி, டாடா, செவர்லே என்று ஆளாளுக்கு வாங்கிப் பொருத்திய அதே இன்ஜின். இத்தனை பேர் வண்டியில் இது இருந்ததால் என் கார் எந்தக் கம்பெனி என்று சொல்வதில் பிரயோஜனம் இல்லை. குற்றம் இன்ஜின் செய்தவர்களுடையதும் இல்லை. முன்பு ஓட்டியவருடையது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது இந்த இன்ஜின் இங்கே நின்றுபோனது. அதனால் சந்தையில் கிடைப்பது எல்லாமே இனி பழசுதான், எல்லாமே யாரோ ஒருவர் கையில் பாடுபட்டதுதான்.

டர்போ என்பது தத்துவத்தில் ரொம்ப எளிய சாமான். ஒரு தண்டு, அதன் இரு முனையிலும் ஒவ்வொரு விசிறி. இன்ஜினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு விசிறியைச் சுழற்றும். மறுமுனை விசிறி வெளிக்காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும். வீணாய்ப் போகும் புகையை வைத்து வேலை வாங்கும் இந்த யோசனைக்கு ஆல்ஃபிரட் பியூகி என்ற சுவிஸ் இன்ஜினியர் 1905-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். கஷ்டம் எங்கே இருக்கிறதென்றால், நம் கார்களில் இருக்கும் சின்ன டர்போவின் தண்டு நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்றுக்கு மேல்கூடப் போகும். அந்த வேகத்தில் சுற்றும் தண்டு எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது? பெரும்பாலான வண்டிகளில் பால் பேரிங் கிடையாது. ஒரு எண்ணெய்ப் படலத்தின்மேல் மிதக்கிறது, அவ்வளவுதான். அந்தப் பக்கம் எழுநூறு டிகிரிச் சூட்டில் புகை, இந்தப் பக்கம் காற்று, நடுவில் முடி அளவுகூட இல்லாத எண்ணெய்.

இது மண்டையில் ஏறிவிட்டால், பழைய வண்டி வாங்கியதும் எதை முதலில் பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. டர்போ தானாகச் சாவது குறைவு. அழுக்கு எண்ணெயோ, தூசியோ, சூட்டோடு பட்டென்று நிறுத்தும் பழக்கமோதான் அதைக் கொல்லும். அதனால் கொன்றவனைப் பிடிக்காமல் புது டர்போ மாட்டினால், அதுவும் ஆறு மாதத்தில் போகும்.

சரி, கதைக்கு வருகிறேன். கோபிசெட்டிபாளையத்தில் எங்கள் பக்கத்துத் தெரு மெக்கானிக் அண்ணனிடம் வண்டியை விட்டேன். டர்போ போச்சு என்கிறார்கள் என்றேன். "யாரு சொன்னா? டர்போவா சொல்லுச்சு?" என்றார். அவர் பேச்சே அப்படித்தான். பானட்டுக்குள் தலையை விட்டவர் டர்போவைப் பார்க்கவே இல்லை. டர்போவிலிருந்து, அழுத்திச் சூடான காற்றை ஆற்றும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸின் அடிப்பக்கம் டார்ச் அடித்தார். அதற்கு நேர் கீழே இருந்த பிளாஸ்டிக் தகட்டில், உள்ளங்கை அகலத்துக்கு, எண்ணெயும் புழுதியும் சேர்ந்து பஞ்சுபோல அப்பியிருந்தது. வேறெங்கும் இல்லை, அங்கே மட்டும். கையை விட்டுத் தடவிப் பார்த்து, "வா, தொட்டுப் பாரு" என்றார். விரலுக்குப் பிசுபிசுவென்று ஏதோ தட்டுப்பட்டது. கறுப்பு இன்சுலேஷன் டேப்! கிளாம்புக்கு அடுத்து நாலைந்து சுற்றுச் சுற்றியிருந்தார்கள். டேப்பை உரித்து ஹோஸை இரண்டு கையாலும் வளைத்ததும், மூன்று அங்குல நீளத்துக்கு மீன் செவுள்போல வாயைப் பிளந்தது.

சும்மா நிற்கும்போது ரேஸ் பண்ணினால் இது தெரியாது. டர்போ முழு அழுத்தம் கொடுப்பது மேடேறும்போதுதான். அப்போதுதான் பிளவு விரியும். அளந்து உள்ளே எடுத்த காற்றில் பாதி வழியிலேயே ஓடிவிடும். அளக்கும் சென்சார் ஏர் ஃபில்டருக்கு அடுத்தே உட்கார்ந்திருப்பதால் அதற்கு இந்த ஓட்டை தெரியாது. வந்த காற்றுக்குக் கணக்காக டீசலை ஊற்றிக்கொண்டே இருக்கும். காற்றுக்கு மிஞ்சிய டீசல் கரும்புகையாகப் போகும். கரும்புகை என்றால் காற்றுப் பற்றாக்குறை, நீலப்புகை என்றால் எண்ணெய் எரிகிறது, சூடேறிய பிறகும் வெள்ளைப்புகை விடாமல் வந்தால் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் உள்ளே கசிகிறதா என்று பார்க்க வேண்டும். நுணுக்கமான விதிவிலக்குகள் உண்டு. ஆனால் 35,000 ரூபாயைக் காப்பாற்ற இந்த அளவு போதும். என்னுடையது கரும்புகை. ஹோஸ் 1,800 ரூபாய்.

டேப் சுற்றியவர் யார் என்று எனக்குத் தெரியாது. விற்றவருக்குத் தெரிந்திருக்கலாம். கேட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை.

ஹோஸ் மாற்றியதோடு நான் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பியிருப்பேன். அண்ணன்தான் ஆயில் மூடியைத் திறந்து அடிப்பக்கத்தைக் காட்டினார். நாள்பட்ட புளிக்கரைசல்போல ஒரு கறுப்புப் பசை. விற்றவர் "ஆயில் போன மாசம்தான் மாத்துனேன்" என்று சொல்லியிருந்தார். எண்ணெய் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கில் எண்ணெய் மேல் கோட்டுக்கும் மேலே நின்றது. மாற்றவில்லை, பழசின் தலையில் புதுசை ஊற்றியிருக்கிறார்கள். ஃபில்டர் கூட்டைத் திறந்தோம். இந்த இன்ஜினில் டப்பா ஃபில்டர் இல்லை, கூட்டுக்குள் வெறும் காகித ஃபில்டர் உட்காரும். அந்தக் காகிதத்தின் மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டி, ஒரு பக்கம் உள்ளே நசுங்கியிருந்தது. எத்தனை ஆயில் மாற்றலை அது பார்த்ததோ. ஃபில்டர் இப்படி அடைத்துக்கொண்டால் எண்ணெய் நிற்பதில்லை. பைபாஸ் வழியாக, வடிகட்டாமலே, நேராக டர்போ தண்டுக்குப் போகும்.

காலையில் முதல் ஸ்டார்ட்டில் எண்ணெய் அழுத்தம் ஏறி ஆயில் விளக்கு அணைய எவ்வளவு நேரமாகிறது என்று கேட்டார். நான் கவனித்ததே இல்லை. மறுநாள் காலை போனில் வீடியோ எடுத்துப் பார்த்தால் நான்கு விநாடி. கூடவே டைமிங் செயின் பக்கமிருந்து சில்லறை குலுக்குவதுபோல ஒரு சத்தம், விளக்கு அணைந்ததும் அதுவும் நின்றது. "சம்ப்பை எறக்கிடலாம்" என்றார், இன்ஜினின் அடியில் எண்ணெய் தங்கும் தொட்டியை. எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஆனால் இந்த வேலைக்குக் கூலி நான் பயந்த அளவு இல்லை. சம்ப் இறங்கியதும் எண்ணெய் உறிஞ்சும் வாயில் இருக்கும் கம்பி வலையைத் துடைத்துக் காட்டினார். காபி வடிகட்டியில் சக்கை அடைத்ததுபோல் பாதிக்குமேல் கறுப்பு மண்ணாய் மூடியிருந்தது. அந்த இன்ஜினுக்கு வேண்டியதே சுமார் மூன்று லிட்டர் எண்ணெய். அதைச் சரியான நேரத்தில் மாற்றாததன் விலை அந்த வலையில் இருந்தது.

பழைய டர்போ வண்டி வாங்கியவர்களிடம் நான் விடாப்பிடியாகச் சொல்வது இது ஒன்றுதான். பில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஆயில் மாற்றிய ஸ்டிக்கரில் என்ன எழுதியிருந்தாலும், வாங்கிய வாரமே ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். பிறகு 1,000 கிலோமீட்டரில் இன்னொரு தடவை. முதல் எண்ணெய் உள்ளே இருக்கும் அழுக்கைக் கரைத்துக் கொண்டுவந்துவிடும், அதைச் சுமந்துகொண்டு பத்தாயிரம் ஓட்டக்கூடாது. கம்பெனி புத்தகத்தில் என்ன ஸ்பெசிஃபிகேஷன் போட்டிருக்கிறதோ அதையே ஊற்றுங்கள். 5டபிள்யூ-30 என்பது வெறும் கெட்டித்தன்மை. டப்பாவின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும் தர எண்ணும் பொருந்த வேண்டும். "எல்லாத்துக்கும் இதுதாங்க ஊத்தறோம்" என்று டிரம்மிலிருந்து பிடித்து ஊற்றுகிற இடத்தில் டர்போ வண்டியை விடாதீர்கள். இன்ஜின் ஃப்ளஷ் ஊற்றி ஐந்து நிமிடம் ஓட்டிக் கழுவலாமா என்று கேட்பார்கள். எனக்குப் பிடிக்காது. பல வருடமாக ஒட்டியிருக்கும் கசடு ஒரேயடியாகப் பெயர்ந்து அந்த வலையிலேயே போய் அடைக்கும். இரண்டு தடவை நல்ல எண்ணெய் மாற்றுவது மெதுவான கழுவல், பத்திரமான கழுவல்.

டர்போவுக்கு எண்ணெய் கொண்டுபோகும் மெல்லிய இரும்புக் குழாயையும் கழற்றிப் பார்த்தோம். உள்ளே எண்ணெய் கருகிக் கரியாய்ப் படிந்திருந்தது. சூட்டில் நிறுத்தும்போது நின்றுபோகிற எண்ணெய் இப்படித்தான் வேகும். குழாய் புதுசு போட்டோம். எண்ணெய் திரும்பி வரும் கீழ்க்குழாயும் முக்கியம். அது அடைத்தால் எண்ணெய் போக இடமில்லாமல் தண்டின் ஓரங்கள் வழியாகக் கசியும், எல்லோரும் டர்போ சீல் போச்சு என்பார்கள்.

கழற்றியது கழற்றியாயிற்று என்று டர்போவையும் ஆட்டிப் பார்த்தோம். காற்றுப் பக்க விசிறியின் மூக்கை விரலால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் லேசாக ஆடும், எண்ணெய் இல்லாமல் நிற்கும்போது அது சகஜம். முன்னும் பின்னும் இழுத்தால் ஆடக்கூடாது. இறக்கை கூட்டில் உரசிய தடம் இருக்கக்கூடாது. என்னுடையதில் உரசல் இல்லை. ஆனால் இறக்கைகளின் விளிம்பு மொண்ணையாகியிருந்தது. எலி கடித்ததுபோல என்று சொல்லலாம். காரணம் ஏர் ஃபில்டர் பெட்டியில் இருந்தது: மூடியின் இரண்டு கிளிப் உடைந்து, ஃபில்டர் ஓரத்தில் இடைவெளி விட்டு உட்கார்ந்திருந்தது. இரண்டு லட்சம் சுற்றில் சுழலும் அலுமினிய இறக்கைமேல் ஒரு மணல் துகள் பட்டால் என்ன ஆகும்! 350 ரூபாய் ஃபில்டர், இரண்டு கிளிப். இதைக்கூட யாரும் பார்க்கவில்லை என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

டீசல் ஃபில்டர் மாற்றினேன். புகையில் ஒரு பங்கை மறுபடி இன்ஜினுக்குள் விடும் ஈஜிஆர் வால்வையும், காற்று உள்ளே போகும் இன்டேக்கையும் கழற்றிச் சுத்தம் செய்தார்கள், வழித்தெடுத்த தாரைக் கொட்ட ஒரு பெயின்ட் டப்பா தேவைப்பட்டது. கூலன்டுக்குப் பதில் குழாய்த் தண்ணீர் இருந்தது, துரு நிறத்தில். அதைக் கொட்டிக் கழுவி, டிஸ்டில்டு வாட்டரும் கூலன்டும் பாதிக்குப் பாதி. பிரேக், டயர், பெல்ட் எல்லாம் எந்தப் பழைய வண்டிக்கும் உள்ளதுதான், அதைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

ஹோஸ் தவிர மற்ற எல்லாமாகச் சேர்த்து, கூலியோடு, 14,000 சொச்சம் ஆயிற்று. வாங்கும்போதே விலையில் இந்த அளவைக் கழித்துப் பேசியிருக்க வேண்டும். பேசத் தெரியவில்லை.

அப்புறம் ஓட்டும் பழக்கம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் உறுமவிட்டுக் கிளம்பக்கூடாது. எண்ணெய் தண்டுக்கு ஏற அரை நிமிடம் கொடுத்து, முதல் சில கிலோமீட்டர் மெதுவாகப் போனால் போதும். நிறுத்தும்போது ஐந்து நிமிடம் ஓடவிட வேண்டும் என்று சிலர் சாமி கும்பிடுவதுபோலச் செய்கிறார்கள். ஊருக்குள் முப்பதில் ஓட்டி வீட்டுக்கு வந்தால் டர்போ ஏற்கெனவே ஆறியிருக்கும். விஷயம் ஹைவேயில்தான். நூறில் வந்து, டிபன் கடையைப் பார்த்ததும் திருப்பி, நிறுத்திய கையோடு சாவியைத் திருகுவோமே, அங்கேதான் ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். குழந்தைகள் இறங்கி, செருப்பைத் தேடி, யாருக்கு ஜன்னல் பக்கம் என்று சண்டை போட்டு முடிக்க எப்படியும் ஒரு நிமிடம் ஆகும்.

பராமரிப்பை ஓட்டுகிறவன் கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. 1962-ல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் என்ற கார் வந்தது. டர்போவோடு விற்பனைக்கு வந்த முதல் கார்களில் அது ஒன்று. பெட்ரோல் நேரங்கெட்டு வெடித்து இன்ஜின் தட்டாமல் இருக்க, காய்ச்சி வடித்த தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தைத் தனித்தொட்டியில் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தொட்டி தீர்ந்தால் வண்டி தானே டர்போ அழுத்தத்தைக் குறைத்துக்கொள்ளும். பலர் ஊற்றவில்லை, வண்டியில் இழுவை இல்லை என்று புகார் சொன்னார்கள். கடைசியில் கம்பெனியே வாடிக்கையாளர்களிடம் டர்போவைக் கழற்றிச் சாதாரண கார்புரேட்டர் மாட்டித் தருவதாகச் சொன்னது. அறுபது வருடம் ஆகியும் ஆட்கள் மாறவில்லை.

பயமுறுத்துவதற்காக அல்ல, தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக ஒன்று. டீசல் வண்டியில் டர்போ சீல் மோசமாகப் போய் இன்ஜின் ஆயில் காற்றுக் குழாய்க்குள் இறங்கினால், இன்ஜின் தன் சொந்த எண்ணெயையே எரித்துக்கொண்டு தானாக உச்ச வேகத்துக்கு ஏறும். சாவியைத் திருகினாலும் நிற்காது, ஏனென்றால் சாவி நிறுத்துவது டீசலை மட்டும்தான். மேனுவல் வண்டியென்றால் பிரேக்கை இறுக்கி மிதித்துக்கொண்டு, உச்ச கியரில் போட்டு, கிளட்ச்சைச் சட்டென்று விட்டு இன்ஜினை அமுக்கி நிறுத்த வேண்டும். முடியாவிட்டால் இறங்கித் தள்ளிப் போய்விடுங்கள், பானட்டைத் திறந்து குனியாதீர்கள். இது அபூர்வம். ஆனால் நீலப்புகையோடு, ஆயில் குறைந்துகொண்டே வரும் வண்டியை "பாத்துக்கலாம்" என்று ஓட்டுகிறவர்களுக்குத்தான் இது வரும்.

டர்போ பெட்ரோல் வாங்குகிறவர்களுக்கு மேலே சொன்ன எண்ணெய், ஹோஸ், ஏர் ஃபில்டர் எல்லாம் அப்படியே பொருந்தும். புகைச் சூடு டீசலைவிட அதிகம் என்பதால் எண்ணெய் விஷயத்தில் இன்னும் கறாராக இருக்க வேண்டும். ஸ்பார்க் பிளக் என்றைக்கு மாற்றியது என்று தெரியாவிட்டால் மாற்றிவிடுங்கள், டர்போ அழுத்தத்தில் தேய்ந்த பிளக் மேட்டில் திக்கும். சில இன்ஜின்களில் டைமிங் பெல்ட் எண்ணெய்க்குள்ளேயே ஓடும். தவறான எண்ணெய் ஊற்றினால் பெல்ட் உதிர்ந்து, அந்தத் துகள் மேலே சொன்ன அதே வலையில் போய் அடைக்கும். வாங்கப்போகும் வண்டி அந்த வகையா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

போன ஆடியில் மறுபடி திம்பம் ஏறினேன். மூன்றாம் கியரிலேயே பல இடங்களில் ஏறியது. வளைவு எண்ணவே தோன்றவில்லை. மேலே செக்போஸ்ட் தாண்டி நிறுத்தி, ஒரு நிமிடம் ஓடவிட்டு அணைத்தேன். கொஞ்சம் பொறுத்து டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தேன். 3,000 கிலோமீட்டருக்கு அரை விரல் குறைகிறது. மொண்ணையான இறக்கையும் தேய்ந்த தண்டும் உள்ள டர்போ அப்படித்தான் குடிக்கும் என்கிறார் அண்ணன். டிக்கியில் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் ஒரு லிட்டர் டப்பாவும் ஒரு பழைய துண்டும் எப்போதும் கிடக்கின்றன.